புகை எந்தப் பக்கம் போகிறது

எழுபதுகளின் நடுவில், மூன்று வருடத்துக்குள் மூன்று வீடு மாறினோம். காரணம் என் மனைவியின் மூச்சு. அவளுக்கு இழுப்பு இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் இருமல் கூட வந்ததில்லை என்று அவள் அண்ணன் சொல்வார். பெண் வீட்டுக்காரர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள் என்று நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு ஹைதராபாத்தில் ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் வேலை. கடைசலிலிருந்து வரும் பாகங்களை அளந்து பார்த்து, தேறும், தேறாது என்று முத்திரை குத்துகிற இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. ஒரு பாகம் தேறாமல் போனால் குறை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கிற வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. மிஷினா, கம்பியா, ஆளா, எண்ணெயா என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பேன். அந்தக் குணத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டு வந்தேன்.

முதல் வீடு போவன்பள்ளியில், மாடியில் ஒரு போர்ஷன். மூன்று கடை தள்ளி ஒரு மிளகாய் மில். அரைக்கிற நாளில் தெருவே தும்மும். மனைவிக்கு இழுப்பு பெரும்பாலும் விடியற்காலையில் வரும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுப்பாள். கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி ஒரு சத்தம் வரும். பேச முடியாது. வெந்நீர் வேண்டுமென்றால் விரலைக் காட்டுவாள். எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. தூக்கத்திலிருந்து எழுந்து வந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

நான் எழுந்து விளக்கைப் போடுவேன். முதுகைத் தடவிவிடுவேன், வெந்நீர் வைத்துக் கொடுப்பேன், மாத்திரையை உடைத்துக் கொடுப்பேன். அதற்கப்புறம் ஒரு சிகரெட் பற்றவைத்தால்தான் பதற்றம் அடங்கும். ஜன்னலோரம் போய் நின்றுதான் பிடிப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. எங்கள் செக்‌ஷனில் பல பேர் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு பிடிக்கிறவர்கள்.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மேஜையில் ஒரு கண்ணாடிச் சாம்பல் கிண்ணம் இருந்தது. தன் சிகரெட்டை அதன் விளிம்பில் வைத்துவிட்டு ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார். முதுகில் நான்கு இடத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, "தூசி ஒத்துக்கலை. வீட்டுல தூசி சேர விடாதீங்க. நல்லா காத்தோட்டமான வீடாப் பாருங்க" என்றார். மறுபடியும் சிகரெட்டை எடுத்துக்கொண்டார்.

அந்த ஒரு வாக்கியம் எனக்குப் போதுமாக இருந்தது. அன்றிலிருந்து வீட்டில் தூசி தருகிற ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து வெளியேற்ற ஆரம்பித்தேன். முதலில் பஞ்சு மெத்தை போனது, கோரைப்பாய் வந்தது. அவள் அம்மா கொடுத்த இலவம்பஞ்சுத் தலையணை இரண்டும் போயின. முகத்துக்குப் போடுகிற பவுடர் போனது. மல்லிகைப்பூ வாசனையும் ஆகாது என்று யாரோ பஸ்ஸில் சொன்னார்கள், அதுவும் போனது. மொட்டை மாடியில் அவள் ஆசையாக வளர்த்த இரண்டு கோழிகள் போயின. மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வராந்தாவுக்கு மாற்றினேன். மழை அடித்தால் ஒரு கையில் குடையும் ஒரு கையில் கரண்டியுமாக நின்று சமைத்தாள். எதற்கும் அவள் மறுப்புச் சொன்னதில்லை. ஒவ்வொன்றாக எடுக்கும்போது, "இதுவுமா?" என்று மட்டும் கேட்பாள்.

கடைசியில் அவள் வேலை. பக்கத்தில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் ரவிக்கைக் கையெல்லாம் சாக்பீஸ் தூளாக நின்றாள். எனக்கு விஷயம் பளிச்சென்று புரிந்த மாதிரி இருந்தது.

"தினம் அஞ்சு மணி நேரம் சுண்ணாம்பைச் சுவாசிக்கிறே. அப்புறம் இழுக்காம என்ன செய்யும்?" என்றேன்.

"பள்ளிக்கூடத்துல எனக்கு ஒருநாளும் வந்ததில்லையே. வீட்லதானே வருது" என்றாள்.

"அங்க உள்ள போறது இங்க வந்து வேலையைக் காட்டுது."

அவள் ரவிக்கைக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். என்னிடம் அப்படி ஒரு பதில் இருந்ததே என்று எனக்குத் திருப்தி. அந்த மாதக் கடைசியில் அவள் வேலையை விட்டாள். பிள்ளைகள் வரைந்து கொடுத்த படங்களை ஒரு கவரில் போட்டு இரும்புப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். ஆனாலும் இழுப்பு நிற்கவில்லை. அப்படியானால் மிளகாய் மில்தான் என்று முடிவு கட்டி வீடு தேடக் கிளம்பினேன்.

வீடு பார்ப்பதற்கு எனக்கென்று ஒரு முறை இருந்தது. காலி வீட்டுக்குள் போனதும் கூடத்தின் நடுவில் நின்று ஒரு சிகரெட்டைப் பற்றவைப்பேன். ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, கையை ஆட்டாமல் நீட்டிப் பிடித்துக்கொண்டு, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பேன். ஜன்னல் பக்கம் சாய்ந்தால் காற்றோட்டம் இருக்கிறது. அங்கேயே சுற்றிச் சுற்றி நின்றால் வீடு தேறாது. பிறகு படுக்கையறை, பிறகு சமையலறை. ஒரு வீட்டுக்கு மூன்று சிகரெட் ஆகும். வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பதினான்கு வீடுகளை அப்படித் தேறாதென்று தள்ளினேன்.

பதினைந்தாவது வீடு லோத்குண்டாவில் கிடைத்தது. புதிதாகக் கட்டியது, பின்னால் பட்டாளத்து நிலம், முள்வேலிக்கு அந்தப் பக்கம் வெறும் புல்லும் பாறையும். புகை நேராக ஜன்னலுக்குப் போனது. வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர், தக்கனி உருது பேசுகிறவர். சாவியைக் கொடுத்தபோது, "சிகரெட் மே க்யா தேக்தே சாப்?" என்று கேட்டார். சிகரெட்டில் என்ன பார்க்கிறீர்கள் என்கிறார். காற்றைப் பார்க்கிறேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அந்த வீட்டில் இரண்டு மாதம் நன்றாகப் போனது. வெயில் காலம், எல்லாக் கதவையும் திறந்துபோட்டு முற்றத்தில்தான் படுத்தோம். மழை ஆரம்பித்து உள்ளே படுக்கப் போன வாரமே மறுபடியும் விடியற்காலையில் அந்தச் சத்தம். புதுச் சுவரின் ஈரம் என்றேன். சுவரோரம் கரி மூட்டை வைத்தேன், சுண்ணாம்பு அடித்தேன். பிறகு, வீட்டுக்காரர் வீட்டில் வெந்நீருக்கு எருமுட்டை எரிக்கிறார்கள் என்று கண்டுபிடித்து அவரோடு சண்டை போட்டேன். அவர் பாவம், ஒரு வாரம் பச்சைத் தண்ணீரில் குளித்துப் பார்த்தார். அப்படியும் மாற்றமில்லை. ஒன்பதாவது மாதம் காலி செய்கிறோம் என்றதும், "கைக்கு சாப்? மேரே கர் மே க்யா கராபி?" என்று கேட்டார். ஏன், என் வீட்டில் என்ன குறை என்கிற அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். ஈரம் என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினேன்.

மூன்றாவது வீடு போலாரத்தில். வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்றைப் பாதியாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். இரண்டாள் உயரத்துக்கு மேல் கூரை. மேலே கயிற்றை இழுத்துத் திறக்கிற வென்டிலேட்டர்கள். கூடத்துக்கு மட்டும் ஆறு ஜன்னல். நடுவில் நின்று பற்றவைத்தேன். புகை கோடு போட்ட மாதிரி நேராக மேலே போய், வென்டிலேட்டர் வழியாக வெளியேறியது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஒன்றரை மைல் நடக்க வேண்டும் என்பதைக்கூட யோசிக்கவில்லை.

அங்கேயும் வந்தது. இந்தத் தடவை பட்டாளத்துக் குதிரை லாயத்து வைக்கோல் என்றேன். காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று தினம் காலையில் வாசலில் நின்று பார்த்து, அதற்கேற்ப இந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்து, அந்தப் பக்கத்தைத் திற என்று ஓடிக்கொண்டிருந்தேன். என்னால் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போனது அந்த வீட்டில்தான். சாப்பிட்டுக்கொண்டே எழுந்து போய் வென்டிலேட்டர் கயிற்றை இழுப்பேன். "அப்பா, பைட்டோ" என்று உட்காரச் சொல்லி மகள் அதட்டுவாள். அவளுக்கு ஏழு வயது ஆகியிருந்தது. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் பாதி இந்தியில் பதில் சொல்வாள்.

அந்த அக்டோபரில் தொழிற்சாலையிலிருந்து என்னை வடக்கே ஓர் ஊருக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வரவேண்டிய வார்ப்புகளை அங்கேயே பார்த்துத் தேர்வு செய்யும் வேலை, ஆறு வாரம். குளிர் ஆரம்பிக்கிற நேரம், இவளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று தவித்தேன். எந்த ஜன்னல் எப்போது என்று ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு ரயிலேறினேன்.

வாரம் ஒரு கடிதம் வந்தது. மகளுக்கு முன்பல் விழுந்தது, பால்காரர் தண்ணீர் ஊற்றுகிறார், சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் பழகப் போகிறேன் என்று எழுதியிருந்தாள். இழுப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. என்னைக் கவலைப்படுத்த வேண்டாமென்று மறைக்கிறாள் என்று நினைத்து இன்னும் தவித்தேன்.

டிசம்பர் முதல் வாரம், மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கூடத்தில் ஸ்டூல் மேல் ஏறி நின்று, நீளக் கம்பில் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு, என் மனைவி ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள். கறுப்பாக நூல் நூலாக அவள் தலையில் விழுந்துகொண்டிருந்தது.

"இறங்கு! அறிவிருக்கா உனக்கு? தூசி!" என்று பெட்டியைப் போட்டுவிட்டுக் கத்தினேன்.

அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "வந்துட்டீங்களா? கிறிஸ்துமஸ் வருது, யாரு அடிக்கிறது?" என்றாள். முகம் சற்று உப்பி, கன்னத்தில் நிறம் வந்திருந்தது. ஒரு செருமல் கூட இல்லை.

மகள் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அம்மா ஏக் பார் பீ இருமல, அப்பா. ஏக் பார் பீ!"

ஒருமுறைகூட இல்லை. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கடைசியில் சரியான வீட்டைப் பிடித்துவிட்டேன்! என் காகிதத்தின்படி ஜன்னல்களைத் திறந்து மூடியிருக்கிறாள். வைக்கோல் தூசி தோற்றுவிட்டது. பிரம்பு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தேன். நிம்மதியாக ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தேன். அவள் ஸ்டூலின் மேல் நின்றபடியே என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இறங்கிச் சமையலறைக்குப் போனாள். தலையிலிருந்த ஒட்டடையைக்கூடத் தட்டவில்லை.

நான்காம் நாள் விடியற்காலையில் அந்தச் சத்தம் திரும்பி வந்தது.

நான் பைத்தியம் பிடித்தவன் மாதிரி ஆனேன். என்ன மாறியது? வடக்கேயிருந்து நான் வாங்கி வந்த கம்பளி! அன்று காலையே அதை வாட்ச்மேனிடம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தது. அப்படியானால் இந்த வீடும் தேறாது. ஆபீஸுக்கு அரைநாள் லீவு போட்டு அல்வாலில் ஒரு வீட்டைப் பார்த்தேன். ஏரிப் பக்கம், மேட்டில், நாலாபுறமும் திறந்தவெளி. புகை பற்றவைத்த மறுகணம் பறந்தது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து அவள் வராந்தாவில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சொன்னேன்.

"வியாழக்கிழமைக்கு லாரி சொல்லிட்டேன். பாத்திரத்தை மட்டும் நீ கட்டி வை. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

"நான் வரல" என்றாள்.

"என்ன வரல?"

"இந்த வீட்டை விட்டு வரல. நீங்க வேணும்னா போங்க."

எட்டு வருடத்தில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கீரையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

"உனக்காகத்தானே அலையறேன்? எனக்கா மூச்சு வாங்குது?"

"அந்த வீட்டுக்குள்ள போனதும் மொதல்ல என்ன பண்ணீங்க?"

"காத்து எப்படிப் போகுதுன்னு பார்த்தேன்."

"எதை வெச்சுப் பார்த்தீங்க?"

சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட்டின் கனம் அப்போதுதான் எனக்குத் தெரிந்த மாதிரி இருந்தது.

"ஆறு வாரம் நீங்க இல்ல" என்றாள். "இதே வீடு. இதே வைக்கோல். ஸ்டவ்வை உள்ள வெச்சுத்தான் சமைச்சேன். பூ வாங்கி வெச்சுக்கிட்டேன். உங்க காகிதத்தை நான் படிக்கக்கூட இல்ல. ஒரு மாத்திரை முழுங்கலைங்க நான்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னேன். கல்யாணமான மொத வாரமே சொன்னேன், எனக்குப் புகை ஒத்துக்கலைன்னு. நீங்க எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டீங்க. அதுலேருந்து எட்டு வருஷமா ஜன்னலைத்தான் திறந்துக்கிட்டிருக்கீங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. "ஊர்ல எந்த ஆம்பளை பிடிக்கல? டாக்டரே பிடிக்கிறார்!" என்று கத்தினேன்.

"டாக்டர் நம்ம வீட்ல படுத்துத் தூங்கறதில்லையே" என்றாள்.

வாசற்படியில் மகள் நின்றுகொண்டிருந்தாள். "வீடு மாத்தறது நக்கோ அப்பா. இங்கயே இருக்கலாம்" என்றாள், அழுகிற குரலில்.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். பட்டாள மதிலை ஒட்டியே போலாரம் ஸ்டேஷன் வரை நடந்தேன். வழியில் நான்கு சிகரெட் பிடித்தேன். ஒரு பாகம் அளவு தப்பி வந்துகொண்டே இருந்தால் மிஷினைப் பார், கம்பியைப் பார், எல்லாம் சரியாக இருந்தால் அளக்கிற கருவியையே சந்தேகப்படு என்று நான்தான் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன். அது நினைவுக்கு வந்ததும் தப்பிக்க வழி தேடினேன். போவன்பள்ளி மிளகாயால்தானே வந்தது? ஆனால் லோத்குண்டாவில் முற்றத்தில் படுத்த இரண்டு மாதம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் வரவில்லை. பள்ளிக்கூடம் என்று நினைத்த இடத்தில் என் கால் நின்றுவிட்டது. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு பாசஞ்சர் வந்து நின்று போனது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

வீட்டுக்குத் திரும்பி, "லாரி வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றேன். அது பொய். மறுநாள்தான் போய்ச் சொன்னேன். மன்னிப்பு என்று நான் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. அவளும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. சோறு போட்டாள், சாப்பிட்டேன்.

ஒரே நாளில் விட்டுவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. நடந்தது அப்படியில்லை. முதலில் வீட்டுக்குள் பிடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். சாப்பிட்டதும் காம்பவுண்டு மூலையில் புளியமரத்தடிக்குப் போவேன். உள்ளே வந்தால் சட்டையில் இருக்கும் வாசனைக்கே அவள் மூக்கைச் சுளிப்பாள். வராந்தாவில் ஒரு கொடி கட்டி அங்கேயே சட்டையை மாற்றிக்கொண்டு உள்ளே வந்தேன். வாயைக் கொப்பளித்தேன். மழையில் குடையோடு மரத்தடியில் நிற்பேன். பக்கத்துப் பாதியில் குடியிருந்தவர்கள், நானும் மனைவியும் பேசிக்கொள்வதில்லை போலிருக்கிறது என்று நினைத்தார்களாம்.

அப்புறம் குறைத்தேன். குறைத்ததில் என் பாடு படாத பாடானது. தொழிற்சாலையில் நல்ல பாகங்களையும் தேறாதென்று தள்ளிவிட்டு, ஃபோர்மேனோடு சண்டை போட்டேன். கை சும்மா இருக்காமல் பேனா மூடியைத் திருகித் திருகி உடைத்தேன். நான்கு மாதம் முழுசாக விட்டவன், ஒரு நண்பனின் ரிட்டயர்மென்ட் விருந்தில் ஒன்று என்று ஆரம்பித்து ஒரே வாரத்தில் பழைய இடத்துக்கே வந்தேன். மகள் கண்டுபிடித்துவிட்டாள். அம்மாவிடம் சொல்லவில்லை. மூன்று நாள் என்னிடம் பேசாமல் இருந்தாள். இரண்டாம் தடவை விட்டதுதான் நிலைத்தது.

மனைவிக்கு இழுப்பு அறவே போனது என்றும் சொல்ல முடியாது. வேப்பம்பூ உதிர்கிற காலத்தில் வரும். அதிகக் குளிரில் வரும். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை. அந்த நாட்களில் நான் என் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொள்வேன். எதில் எவ்வளவு என் பங்கு என்று எந்தக் கருவியை வைத்து அளப்பது என்று தெரியவில்லை.

பழைய பள்ளிக்கூடத்துக்கு நானே போய்க் கேட்டேன். அந்த இடத்தில் வேறு டீச்சர் வந்து மூன்று வருடமாகிவிட்டது என்றார்கள். அடுத்த வருடம் போலாரத்திலேயே ஒரு பள்ளியில் எல்.கே.ஜி. வகுப்புக்கு ஆள் தேவைப்பட்டது. முன்பு இருந்ததைவிடக் கீழான இடம்தான். "போகட்டுமா?" என்று கேட்டாள். என்னிடம் அவள் ஏன் கேட்கவேண்டும் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. "போ" என்றேன். முதல் நாள் பஸ் ஸ்டாப் வரை கூட நடந்தேன். அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.

அந்த வீட்டில் பதினோரு வருடம் இருந்தோம். சிகரெட் போய் வெகுகாலம் கழித்தும், சாப்பிட்டுக் கை கழுவியதும் என் கால் தானாகப் புளியமரத்தடிக்குப் போகும். அங்கே நிற்க ஒரு காரணமும் இருக்காது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரோட்டைப் பார்ப்பேன், இரண்டு எட்டு நடப்பேன், திரும்புவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தவள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டு, "வெளியவே எதுக்கு நிக்கிறீங்க? உள்ள வந்து உட்காருங்களேன்" என்றாள்.

"இதோ வரேன்" என்றேன். போவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.